இரண்டாவது சத்தியம்

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது தாயம்மாவிடம் பொய் தயாராக இருந்தது. கடைக்காரன் கல்லாப் பக்கத்திலேயே சில்லறை வைத்திருப்பதுபோல் அவள் அதை நாக்கு நுனியிலேயே வைத்திருந்தாள்.

“பாத்ரூமுக்கு ஒழுங்காத்தான் போறாங்க. ஆனா அதுக்கு நடுவுல, அவங்க அறியாமலே சொட்டுச் சொட்டா நனைஞ்சிக்கிட்டே இருக்குமா? சின்னப் புள்ளையிலேருந்தே?”

“இல்ல டாக்டர். அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது.”

கட்டிலில் கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருந்த குமுதவல்லியும் சொன்னாள். “இல்ல.”

பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் ஒரே விலை சொன்னால் வாங்க வந்தவனுக்குச் சந்தேகம் வரும். டாக்டர் மதுமிதா, சிரம்பான் தெமியாங்கில் வட்டிக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண். பித்தளைக்கு முலாம் பூசிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். தாய் முகத்தையும் மகள் முகத்தையும் ஒருமுறை உரசிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

தாயம்மா ஆடிப்போனாள். பொய் சொன்னதற்காக அல்ல. பொய் சொல்வது அவளுக்கு உலை வைப்பது மாதிரி அன்றாட வேலை. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதுதான் அவளை உலுக்கியது. வீட்டுக்குள், பாயில், துவைகல்லில், கொடியில் தனியாகக் காயும் துணியில் மட்டுமே இருந்த சங்கதி அது. பெற்ற அப்பனுக்கே பாதிதான் தெரியும். இவள் எந்த ஓட்டைவழியாக எட்டிப் பார்த்தாள்?

அன்று காலை தோட்டத்தில் மழை விட்டும் விடாமலும் இருந்தது. சிரம்பானிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பாமாயில் செம்பனைத் தோட்டத்துக்குக் கம்பெனிப் பலகையில் ஒரு பேர். நம் ஆள்கள் வைத்த பேர் மூங்கிலாத்துத் தோட்டம். முன்பு தொழிலாளர் லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு தமிழ்க் குடும்பம். இப்போது காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்றால் பங்களாதேசும் இந்தோனேசியாவும்தான் வரிசை கட்டி நிற்கும். ஊடே, சாதத்தில் கிடக்கும் மிளகுபோல, நம் பெண்கள் கொஞ்சம் பேர். தாயம்மாவுக்கு உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. குலை வெட்டுகிறவன் அரிவாள் கட்டின நீளக் கழியால் இழுத்து விழவைத்துவிட்டுப் போய்விடுவான். குலையிலிருந்து தெறித்த பழங்கள் முள்ளிலும் சேற்றிலும் பாம்புப் புற்றிலும் கிடக்கும். குனிந்து, வாரியால் இழுத்து, சருகு நீக்கி, கோணியில் அள்ள வேண்டும். மழை நாளில் ஒரு கோணிப் பழம் இரண்டு கோணிக் கனம் கனக்கும். எடை போடும் இடத்தில் அந்த ஈரத்தை மட்டும் மேற்பார்க்கிற தண்டல் கழித்துவிடுவான்.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தாள். பழைய சாதம், நெத்திலிச் சம்பல், ஒரு அவித்த முட்டை. அப்போதுதான் போன் வந்தது. அம்பாங்கானில் குமுதவல்லி காசு வாங்கும் வேலை பார்க்கிற மளிகைக் கடையிலிருந்து.

“ஆன்ட்டி, குமுதா விழுந்துட்டா லா. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. இடுப்பப் புடிச்சிக்கிட்டு அழுவுறா. ஆம்புலன்ஸ் கூப்ட்டாச்சு.”

தாயம்மா முதலில் கேட்டது என்ன தெரியுமா? “அவ துணி மாத்தியிருக்காளா?” என்று கேட்டாள். போனில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. சேறு அப்பிய பூட்ஸோடு யார் மோட்டார் சைக்கிளிலோ ஏறி வரும் வழியெல்லாம் தாயம்மாவின் கவலை காய்ச்சலில் இல்லை. ஆம்புலன்ஸ் படுக்கையில் இருந்தது.

வார்டுக்கு வெளியே நடைபாதையில் டாக்டர் மதுமிதாவை மறித்து நின்றபோதும் அவள் பேரம் பேசுகிறவள்போலத்தான் ஆரம்பித்தாள்.

“டாக்டர், இப்ப ஒரு பேச்சுக்குச் சொல்றேன். அப்படி நனையிற புள்ள யாராச்சும் இருந்தா, அது என்னவா இருக்கும்?”

“ஒரு பேச்சுக்கு நானும் சொல்றேன்,” என்றாள் மதுமிதா. சிரிக்கவில்லை. “எல்லாருக்கும் ஒரு சிறுநீரகத்துலேருந்து ஒரு குழாய் கீழ எறங்கும். ஸ்கேன்ல பாத்தா அந்தப் புள்ளைக்கு எடது பக்கம் ரெண்டு குழாய் இருக்கும். ஒண்ணு சரியா மூத்திரப் பைக்குள்ள போய்ச் சேருது. இன்னொண்ணு பையத் தாண்டிக் கீழ போய், வேற எடத்துல தெறக்குது. நாம அடக்கி வைக்கிறோமே, அந்த இறுக்கத்துக்கு வெளியே. அதனால மத்தவங்க மாதிரி பாத்ரூமும் போவாங்க, ராப்பகலா சொட்டிக்கிட்டும் இருக்கும்.”

“அடக்கப் பழகிக்கிட்டா?”

“யாராலயும் அடக்க முடியாதும்மா. அதுல மூடியே கெடையாது. வயித்துல உருவாகும்போதே அப்படி அமைஞ்சது.”

தாயம்மா சுவரில் சாய்ந்தாள். “நான் மருந்தடிச்சேன் டாக்டர். இவ வயித்துல இருக்கயில பம்பு தூக்கிக்கிட்டுப் புல்லுக்கு மருந்தடிச்சேன். அதனாலயா?”

ஒரு பேச்சுக்குச் சொன்ன கதை ‘இவ’ ஆகிவிட்டதை இரண்டு பேரும் கவனித்தார்கள். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.

“அப்படிச் சொல்ல ஒண்ணும் இல்ல. ரொம்ப அபூர்வமா நடக்கும். யாரு தப்பும் இல்லம்மா.”

யார் தப்பும் இல்லை என்று கேட்டால் சிலருக்கு நெஞ்சு குளிரும். தாயம்மாவுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தப்பே இல்லாத இடத்தில் இத்தனை வருசம் அபராதம் வசூலித்தவள் அவள். பள்ளிவிட்டு வந்த பிள்ளைக்கு மத்தியானத்துக்கு மேல் தண்ணி இல்லை என்று பானையைத் தூக்கி மேலே வைத்தவள். ‘சோம்பேறி, எந்திரிச்சுப் போக ஒடம்பு வணங்கல’ என்று ஈரப் பாவாடையை முகத்தில் தேய்த்தவள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டபோது ‘ராத்திரி மட்டும்தான், அதுவும் எப்பவாச்சும்’ என்று விலை குறைத்துச் சொன்னவள். ஒருநாள் தோசைத் திருப்பியை அடுப்பில் காய்ச்சித் தொடைக்கு நேராகக் காட்டினாள். காட்டியதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையில் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

“எல்லாம் சரியாயிருமா டாக்டர்?”

“காய்ச்சல மருந்துல எறக்கிருவோம். ஆனா அந்த ரெண்டாவது குழாய் வர்ற சிறுநீரகத்தோட மேல்பாதி சீழ் புடிச்சு வீங்கியிருக்கு. விட்டா திரும்பத் திரும்ப வரும். ஒரு தடவை ரத்தத்துல பரவிச்சுன்னா உசுருக்கே ஆபத்து. பெரிய டாக்டர் பரிசோதனை பண்ணி உறுதிப்படுத்தணும், அப்புறம் ஆப்பரேசன். ஆனா குமுதவல்லி வயசு வந்தவங்க. அவங்கதான் வாயத் தெறந்து சொல்லணும், அவங்கதான் கையெழுத்துப் போடணும்.”

“நான்தான் சொல்லிட்டேனே.”

“நீங்க ஒரு பேச்சுக்குச் சொன்னீங்க,” என்றாள் மதுமிதா.

குமுதவல்லி வாயைத் திறக்கவில்லை.

மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கியது. இறங்கியதும் அவள் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். பரிசோதனை வேண்டாம். சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாளாம். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, “எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றாள். சொல்லும்போதே படுக்கை நனைந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

தாயம்மா திரையை இழுத்துவிட்டு மகள் காதோரம் குனிந்தாள். “ஏண்டி, நான்தான் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்ல. இன்னும் என்னா வெக்கம்? சொல்லித் தொலையேன்.”

“சொல்லக்கூடாது.”

“யாரு சொன்னா?”

“நீதான். முனியாண்டி கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் வாங்கினியே. வயசுக்கு வந்தப்ப. வீட்டுக்கு வெளிய யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு.”

தாயம்மாவுக்கு நினைவு வர நேரம் ஆனது. தோட்டத்து எல்லையில், ஆலமரத்தடியில், அரிவாளும் சுருட்டுமாக நிற்கும் முனியாண்டி. எரிகிற சூடத்தின்மேல் சின்னக் கை. அவளுக்கு அது, அழுகிற பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுகிற கணக்கு. ஒரு காரியம் முடிய வேண்டும், அதற்கு ஒரு சாமி. காரியம் முடிந்ததும் மறந்தாயிற்று.

“அடி இவளே. அது அப்பச் சொன்னது. ஒடம்புக்கு முடியலன்னா டாக்டர்கிட்ட சொல்லக்கூடாதுன்னா சாமி சொல்லுச்சு?”

“மொத சத்தியமும் அப்பச் சொன்னதுதான்,” என்றாள் குமுதவல்லி. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இனிமே நனைக்கமாட்டேன்னு. நான் சின்னப் புள்ள. கோயில்லேருந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ளயே நனைஞ்சிருச்சு. ஒனக்குத் தெரியாம பாவாடைய முறுக்கிப் புடிச்சிக்கிட்டே வந்தேன். அதுக்கப்புறம் அப்பா மேல குலை விழுந்து தோள் போச்சு. நீ ஆஸ்பத்திரியில என்னா சொன்னே?”

தாயம்மா திரையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“‘இவ சத்தியம் பொய்யாச்சு, முனியாண்டி வாங்கிட்டான்’னு சொன்னே. பெரியம்மா, சித்தி எல்லாரும் நிக்கையிலே. மொத சத்தியத்துக்கு அப்பாவோட தோள் போச்சு. ரெண்டாவதும் பொய்யாப் போனா அப்பாவே போயிருவாரு. எனக்கு எப்படி இருந்தாலும் பரவால்லமா. பழகிருச்சு.”

சந்தையில் வாய்ப்பேச்சாகச் சொன்ன விலையை ஒருவன் அப்படியே எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டால் விற்றவள் கையில் காசோடு திகைத்து நிற்பாள். தாயம்மா அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பிள்ளை அதை முழு விலைக்கு வாங்கி, இத்தனை வருசம் தவணை கட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் நடைபாதைக்கு வந்து பூசாரி தங்கராஜுவுக்குப் போன் போட்டாள். அவர் தைப்பிங்கில் மகள் வீட்டில் இருந்தார்.

“சத்தியத்த அவுக்கலாம் தாயி, அவுக்க முடியாதுன்னு இல்ல. ஆனா போன்ல முடியாது. புள்ளையே நேர்ல வரணும். அமாவாசை கழிஞ்சு ஒரு சேவல், ஒரு கட்டு சுருட்டு, ஒரு போத்தல் சரக்கு.”

“புள்ள கட்டில்ல கெடக்குது. இன்னைக்கு வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறா. அமாவாசைக்கு இருப்பாளோ என்னமோ. சாமிகிட்ட நீங்களே கொஞ்சம் சொல்லக்கூடாதா?”

“அந்தச் சாமிகிட்ட பேரம் நடக்காது தாயி. எல்லைச்சாமி.”

“சேவல் மட்டும் நடக்குமாக்கும்,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அம்பாங்கான் வீடமைப்புப் பகுதியில் காவல் வேலை பார்க்கும் அர்ச்சுனன் சீருடையோடு வந்தான். குலை விழுந்த பக்கத்துத் தோள் இன்னும் நாலு விரல் இறங்கித்தான் இருக்கும். விசயத்தை அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு சத்தியத்தையும் சொன்னாள். தோசைத் திருப்பியை விட்டுவிட்டாள். அவன் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். பிறகு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“குமுதா. குலை பழுத்தா விழும். நான் அடியில நின்னேன். அவ்ளோதான் கதை. முனியாண்டிக்கு வேற வேலை இல்லையா?”

“நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க.”

“வேற எப்படிச் சொல்ல?”

“எனக்குப் பயமா இருக்குப்பா,” என்றாள். அவ்வளவுதான். பயத்தோடு யார் வாதாட முடியும்? அவன் எழுந்து வந்து மனைவியிடம், “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அன்னைக்கே...” என்று தொடங்கி, முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மிஸ்ஸி சொந்தப் பொறுப்பில் போகக் கையெழுத்துப் போடும் பாரத் தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நோயாளி பார்க்கும் நேரம் தொடங்கியது. வார்டு நிறைய ஆரஞ்சும் மைலோவும் பழைய சங்கதிகளும் வந்து இறங்கின. அவற்றோடு முத்தாயியும் வந்தாள்.

முத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே தோட்டம், எதிர் லயம். அவள் காதில் ஒன்று விழுந்தால் அது காற்றில் விழுந்த மாதிரி. வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே தோட்டத்தில் வாட்ஸ்அப் இருந்தது. அதற்கு முத்தாயி என்று பேர். தாயம்மா இத்தனை வருசமும் வேலிக்கு மேல் போர்வை போட்டு, துணியை உள்ளே காயவைத்து, பயந்து பயந்து ஒளித்தது முழுக்க இந்த ஒருத்திக்காகத்தான். கொஞ்ச நாளாக வேறொரு காரணமும் சேர்ந்திருந்தது. முத்தாயி தன் அண்ணன் மகன் முகுந்தனுக்குக் குமுதவல்லியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பையனுக்குச் செனவாங்கில் பெர்மனென்ட் வேலை, சொந்தமாக ஓட்டிப் போகக் காடி.

“என்னாடி தாயி, புள்ள இப்படி எளைச்சுட்டாளே,” என்று ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தாள் முத்தாயி. சுற்றியிருந்த கட்டில்காரர்களுக்கும் சேர்த்துப் பேசினாள். “இந்த மாதிரி புள்ள இந்தக் காலத்துல கெடைக்குமா? எங்க வீட்டுக்கு வந்தா ஒரு நாள் நாக்காலியில ஒக்காந்ததில்ல. பெரியவங்க முன்னால நின்னுக்கிட்டேதான் பேசுவா. எங்கண்ணங்கிட்ட அதைத்தான் சொன்னேன். மரியாதைன்னா அதுதான் மரியாதை.”

குமுதவல்லி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் கை பாரத்தின் மேல் இருந்தது.

தாயம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பாரத்தைப் பார்த்தாள். முத்தாயியின் வாயைப் பார்த்தாள். அந்த வாயைப் பார்த்துத்தான் அவளுக்கு யோசனை வந்தது. ரகசியமும் மீனும் ஒன்று. மூடி வைத்திருக்கும்வரை விலை. தெருவுக்கு வந்து நாறிவிட்டால் யாரும் காவல் காக்க வேண்டியதில்லை.

“மரியாதை இல்ல முத்தாயி,” என்றாள். “ஈரம்.”

“என்னாது?”

“எம் மவளுக்குப் பொறந்ததுலேருந்து ஒண்ணுக்குச் சொட்டிக்கிட்டே இருக்கும். ராப்பகலா. ஒக்காந்தா நாக்காலி நனைஞ்சிரும், அதான் நின்னா. உள்ள ஒரு குழாய் தப்பான எடத்துல போய்த் தெறக்குது. அவ தப்பு ஒரு பொட்டு இல்ல. நான் அதுக்கு அவள அடிச்சேன். தண்ணி குடுக்காம போட்டேன். சூடு வச்சேன்.”

பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அர்ச்சுனன் திரும்பினான். சூடு என்ற சொல்லில் அவன் முகம் சாம்பலாகிப்போனது.

முத்தாயி ஒரு ஆரஞ்சைக் கையில் எடுத்து, உரிக்கவும் இல்லாமல் வைக்கவும் இல்லாமல் நின்றாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் மெதுவாகப் பேசினாள்.

“இதை ஏண்டி எங்கிட்ட சொன்னே? கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம்.”

“நீதானே சொல்லுவே. போய்ச் சொல்லு. லயம் லயமாச் சொல்லு. கோயில்ல சொல்லு, கடைத்தெருவுல சொல்லு. ஒருத்தர விட்டுறாத.”

“ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சு.”

“அது எப்பவோ கெட்டுச்சு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.”

முத்தாயி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, குமுதவல்லியின் காலைப் போர்வைக்கு மேலாக ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள். அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது.

தாயம்மா மகள் பக்கம் திரும்பினாள். குமுதவல்லி அவளை, நடுத்தெருவில் துணியை உருவியவளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொல்லல. நான் சொன்னேன்,” என்றாள் தாயம்மா. “சத்தியத்த வாங்கினவ நானு, ஒடைச்சவளும் நானு. முனியாண்டிக்குத் தோள் வேணும்னா எந்தோள் இருக்கு, கோணி தூக்கித் தூக்கி நல்லா மரத்துப்போய்த்தான் இருக்கு, வாங்கிக்கட்டும். ஒங்கிட்ட காவல் காக்க இப்ப ஒண்ணும் இல்ல. பொழுது சாயறதுக்குள்ள தோட்டத்துல கோழிக்குக்கூடத் தெரிஞ்சிரும்.”

“என்னைக் கேக்காம சொன்னே.”

“ஆமா.”

“எல்லாத்தையும் என்னைக் கேக்காமதான் செய்யுறே.”

“ஆமாடி.”

குமுதவல்லி அழுதாள். சத்தம் இல்லாமல் நன்றாக அழுதாள். அர்ச்சுனன் பாரத்தை அவள் கைக்கடியிலிருந்து மெல்ல உருவி, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அப்போது டாக்டர் மதுமிதா வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன்பு கேட்ட அதே கேள்வியை, முதல்முறை கேட்பவள்போல மறுபடி கேட்டாள்.

“எப்பவும்,” என்றாள் குமுதவல்லி. “எப்பவும் டாக்டர். நான் ஒலர்ந்து இருந்ததே இல்ல.”

பிறகு நடந்ததெல்லாம் டாக்டர்கள் வேலை. அவர்கள் அதைச் சரியாகச் செய்தார்கள். பைக்குள் நீல மருந்தை ஏற்றி, கீழே வெள்ளைத் துணி வைத்தார்கள். துணி நனைந்தது, ஆனால் நீலம் ஏறவில்லை. அந்த ஈரம் பையிலிருந்து வரவில்லை, தாண்டி வந்த குழாயிலிருந்து வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டாவது குழாய், கோடைமழைக் கால்வாய்போல வளைந்து வளைந்து, பையைத் தாண்டிக் கீழே இறங்கியது தெரிந்தது. சிறுநீரகத்தின் மேல்பாதி பலமுறை சீழ் பிடித்துச் செத்துப்போயிருந்தது. அந்தப் பாதியையும் அதன் குழாயையும் மட்டும் சின்னத் துளைகள் வழியாக எடுத்துவிட்டார்கள். கீழ்ப்பாதி நன்றாக இருக்கிறது, அது போதும் என்றார் பெரிய டாக்டர். முன்பே தெரிந்திருந்தால் மேல்பாதியையும் காப்பாற்றியிருக்கலாமா என்று தாயம்மா கேட்டாள். மதுமிதா கையிலிருந்த படத்தை உறைக்குள் வைத்தாள். “இருக்கலாம்,” என்றாள். பொய் சொல்லத் தெரியாத வீட்டுப் பெண் அல்ல அவள். சொல்ல விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அர்ச்சுனன் அந்த நாள்களில் மனைவியோடு பேசியது மொத்தம் ‘சாப்ட்டியா’, ‘காடி வந்துருச்சு’. ஆனால் தினமும் அவளுக்கும் சேர்த்துத்தான் சோறு கட்டிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று காலையில் மிஸ்ஸி படுக்கை விரிப்பை உருவினாள். தாயம்மா பழக்கதோசத்தில் கை நீட்டி மெத்தையைத் தடவினாள். மறுபடி தடவினாள். ஓரத்தில், நடுவில், தலைமாட்டில். காய்ந்த மெத்தை. கடையில் வாங்கி வந்து போட்டது மாதிரி. இவ்வளவுதானா? இந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதானா?

“தடவாதம்மா,” என்றாள் குமுதவல்லி.

“சரி.”

“இனிமே என்னைத் தொட்டுப் பாக்காத. கேக்கவும் கேக்காத.”

“கேக்கல.” தாயம்மா கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது. “எம் மேல கோவமா இருக்கியாடி?”

குமுதவல்லி வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள்.

“தெரியலம்மா. இப்பதான் ஒலர்ந்திருக்கேன். மத்ததப் போகப்போகப் பாப்போம்.”